தோட்டப்புறத்தில் எருக்கஞ்செடியை அடையாளம் காண்பது எப்படி?

ஆவணி பிறந்தால் மலேசியாவில் உள்ள எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாவில் (பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்னால்தான் பாதிப் பேருக்குப் புரியும்) ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "எருக்கம்பூ எங்கே கிடைக்கும்?" விநாயகர் சதுர்த்திக்கு மாலை வேண்டும். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த பெரியவர்களிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள். ஆனால் அந்த லயங்கள் பல இன்று இல்லை. தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளிடம் கோயில் கமிட்டி அந்த வேலையைக் கொடுக்கிறது. அவர்களில் பலர் எருக்கை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

நானும் அப்படி அலைந்தவன்தான். கைப்பேசிச் செயலி ஒரு பெயர் சொன்னது, பக்கத்து வீட்டு அக்கா இன்னொரு பெயர் சொன்னார், பாசாரில் பூ விற்பவர் மூன்றாவதாக ஒரு செடியைக் காட்டினார். யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஓர் அடையாளத்தையும் தனியாக நம்பாதீர்கள். இலை அமைப்பு, வெள்ளைப் பூச்சு, பால், பூ நான்கும் சேர்ந்து வந்தால்தான் முழு உறுதி. அப்புறம், எருக்கம்பால் கண்ணில் படவே கூடாது. மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

1. எந்த எருக்கைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

எருக்கில் முக்கியமாக இரண்டு இனங்கள் உண்டு. இந்தியாவிலிருந்து தென்கிழக்காசியா வரை இயற்கையாக வளர்வது கலோட்ரோபிஸ் ஜைஜாண்டியா. கோயிலுக்கு நாம் தேடுவதும் இதைத்தான். மலாய்க்காரர்கள் இதை ரெமிகு என்றும் லெம்பேகா என்றும் சொல்வார்கள். இன்னொன்று கலோட்ரோபிஸ் புரோசெரா. வட ஆப்பிரிக்கா, அரேபியா, ராஜஸ்தான் பக்கத்துப் பாலைவனங்களில் மழையே இல்லாத மணலிலும் பச்சை மாறாமல் நிற்கும் புதர் அது.

இணையத்தில் எருக்கு என்று தேடினால் இரண்டின் படங்களும் கலந்து வரும். வித்தியாசம் பூவில் இருக்கிறது. நம்முடைய எருக்கில் ஐந்து இதழ்களும் நன்றாக விரிந்து, சில சமயம் பின்பக்கம் மடங்கியும் இருக்கும். பூ முழுவதும் ஒரே நிறம்: வெளிர் ஊதா அல்லது வெள்ளை. பாலைவன எருக்கில் இதழ்கள் மேல்நோக்கி நிற்கும், அடிப்பகுதி வெண்மையாகவும் நுனி மட்டும் அடர் ஊதாவாகவும் இருக்கும். அதன் மொட்டு உருண்டை, நம்முடையது கொஞ்சம் நீண்டு கோணமாக இருக்கும்.

வெள்ளெருக்கு வேண்டும் என்று கமிட்டி சொன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் வெள்ளெருக்கு என்று தேடுவது பெரும்பாலும் இதே ஜைஜாண்டியாவின் வெள்ளைப் பூ வகையைத்தான். பூக்காத செடியைக் காட்டி "இது வெள்ளெருக்குக் கன்று" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். இலையைப் பார்த்து பூவின் நிறத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. வெள்ளெருக்கு வேரில் செய்த பிள்ளையார் என்று விற்கப்படும் சிலைகளும் அப்படித்தான். செதுக்கி மெருகேற்றிய பிறகு அது என்ன மரம் என்று வெறும் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். பெரிய தொகை கொடுக்கும்முன் யோசியுங்கள்.

2. எடுத்துப் போக வேண்டியவை

பெரிய செலவு இல்லை. ஹார்ட்வேர் கடையில் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று, ரப்பர் கையுறை ஒரு ஜோடி. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்னப் பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, இணையக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். எல்லாம் சேர்த்து ஐம்பது ரிங்கிட்டுக்குள் முடித்துவிடலாம். பழைய நாளிதழ், பிளாஸ்டிக் பை, கத்தரிக்கோல் வீட்டில் இருப்பதே போதும். ஒன்றரை லிட்டர் போத்தலில் குடிதண்ணீரைத் தனியாக வையுங்கள். அது குடிப்பதற்கல்ல, கண்ணில் பால் தெறித்தால் கழுவ.

பாராங் (வெட்டுக்கத்தி) வேண்டாம். தோட்டத்து ஓரத்தில் பாராங்கோடு நடந்தால் பழம் திருட வந்தவர் என்று நினைத்து ஜாகா (காவலாளி) நிறுத்துவார்.

3. அனுமதியும் தாள்களும்

செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டம் தனியார் நிலம். நம் தாத்தா பாட்டி அங்கே உழைத்திருக்கலாம், கோயில்கூட உள்ளே இருக்கலாம், ஆனாலும் அனுமதி இல்லாமல் நுழைந்தால் அத்துமீறல்தான். தோட்ட அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மலாய் மொழியில் எழுதினால் வேலை சீக்கிரம் முடியும். கோயில் பெயர், வருபவர்களின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், மோட்டார் எண், எந்தப் பகுதிக்கு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கோயில் முத்திரை குத்தி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்தப் பிரதிதான் கேட்டில் காட்டும் சூராட் (கடிதம்). ஐசி கையில் இருக்கட்டும்.

இதற்குக் கட்டணம் எதுவும் நான் கொடுத்ததில்லை. நேரம்தான் செலவு. காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து, கிராணி (எழுத்தர்) மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகு போங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். திருவிழாவுக்கு முதல் நாள் போய் நின்றால் துரை (தோட்ட நிர்வாகி) வெளியே போயிருப்பார், கிராணியால் தனியாக முடிவெடுக்க முடியாது. இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது.

அங்கேயே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "ஐயா, அந்தப் பக்கம் கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள்?" இதைப் பலரும் கேட்பதில்லை. தோட்டப் பாதை ஓரங்களிலும் மரத்தைச் சுற்றிய வட்டங்களிலும் களைக்கொல்லி அடிப்பது வழக்கம். பாராகுவாட் 2020 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் வேறு மருந்துகள் பயன்பாட்டில்தான் இருக்கின்றன. மருந்து பட்ட செடியின் இலை மஞ்சளாகிச் சுருங்கி, அடையாளங்களே மாறிப்போயிருக்கும். அந்தப் பூவைக் கையால் தொடுத்து சாமிக்குப் போடுவதும், குழந்தைகள் அதைத் தொடுவதும் நல்லதல்ல.

காப்புக் காடு என்ற பலகை இருந்தால் உள்ளே போய் எதையும் வெட்ட வேண்டாம். அது 1984ஆம் ஆண்டின் தேசிய வனவியல் சட்டத்துக்குள் வரும். அதற்கு மாநில வனத்துறையின் உரிமம் வேண்டும், பூ பறிப்பதற்காக அந்தச் சிரமம் தேவையில்லை. எருக்கு அடர்ந்த காட்டில் வளரும் செடியும் அல்ல.

4. எங்கே, எப்போது தேடுவது

செம்பனை நிழலில் தேடினால் கிடைக்காது. எருக்குக்கு வெயில் வேண்டும், தண்ணீர் தேங்காத மண் வேண்டும். மணலும் சரளையும் கலந்த வெட்டவெளி, ரயில் தண்டவாள ஓரம், கடற்கரைச் சாலை, இடிந்த லயத்தின் பழைய முற்றம், வெள்ளீயம் எடுத்த பிறகு குவிந்து கிடக்கும் வெள்ளை மணல் திடல் ஆகியவற்றில் பாருங்கள். (தண்டவாளத்தில் இறங்காதீர்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தே பார்த்துக்கொள்ளலாம்.) பழைய தோட்டக் கோயில் இருந்த இடம் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம், யாராவது ஒருவர் நட்டு வைத்திருப்பார்.

மாடு மேயும் வெளிகளில் ஒரு நல்ல துப்பு உண்டு. சுற்றியுள்ள புல்லும் செடியும் தரையோடு மேயப்பட்டிருக்க, ஒரே ஒரு சாம்பல் பச்சைப் புதர் மட்டும் இலை கிழியாமல் நிற்கும். பாலின் கசப்பும் நஞ்சும் தெரிந்து மாடு அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தூரத்திலிருந்தே அந்த நிறம் தெரியும், மற்றச் செடிகளின் பளிச்சென்ற பச்சைக்கு நடுவே மங்கலாக இருக்கும். ஆள் உயரம் சாதாரணம், சில செடிகள் இரண்டு ஆள் உயரம் வரும்.

நம் நாட்டில் எருக்கு ஆண்டு முழுவதும் இலையோடு இருக்கும், எந்த மாதத்திலும் பூக்கும். ஆகவே பருவத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நாளில்தான் நேரம் பார்க்க வேண்டும். காலை எட்டிலிருந்து பத்து வரை நல்ல நேரம். வெளிச்சம் போதும், பால் நன்றாக ஓடும், மதிய மழைக்கு முன்பே திரும்பிவிடலாம். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழையும் இடியும் அதிகம், அப்போது வெட்டவெளியில் நிற்காதீர்கள்.

5. பூவை விட்டுவிட்டு இலையிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் பூவைத் தேடுகிறார்கள். பூவில்லாத செடியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஊதாப் பூ உள்ள வேறு செடியிடம் ஏமாறுகிறார்கள். இலையைப் படிக்கத் தெரிந்தால் பூவில்லாமலே பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

ஒரு கிளையை எடுத்துக்கொள்ளுங்கள், ஒடிக்க வேண்டாம். இலைகள் கணுவுக்கு இரண்டாக, எதிரும் புதிருமாக இருக்கின்றனவா? அடுத்த கணுவில் உள்ள ஜோடி முதல் ஜோடிக்குக் குறுக்காகத் திரும்பியிருக்கிறதா? மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி தெரிய வேண்டும்.

அடுத்து இலைக்காம்பு. எருக்குக்குக் காம்பு கிட்டத்தட்ட கிடையாது. இலையின் அடிப்பகுதி இரண்டு காது மடல்களாகப் பிரிந்து தண்டை அணைத்துப் பிடித்திருக்கும். இதைப் பார்க்கப் பக்கவாட்டில் குனிய வேண்டும். நான் மிகவும் நம்பும் அடையாளம் இதுதான். நீண்ட காம்பில் இலை தொங்கினால் அது எருக்கல்ல, அதோடு விட்டுவிடலாம்.

இலை தடிப்பாக, அகலமாக இருக்கும். நீளம் 10 முதல் 20 சென்டிமீட்டர் வரை, அகலம் அதில் பாதி அளவுக்கு. விளிம்பில் பல் கிடையாது. நடுநரம்பு தடித்து வெளிறியிருக்கும்.

இப்போது கிளை நுனிக்குப் போங்கள். கடைசி இரண்டு ஜோடிக் குருத்திலைகளும் இளந்தண்டும் திருநீறு பூசினாற்போல் வெள்ளையாக இருக்கும். கையுறை விரலால் இலையின் அடிப்பக்கத்தை லேசாகத் தேய்த்தால் அந்த வெள்ளை கழன்று விரலில் ஒட்டும், தேய்த்த இடத்தில் பச்சை தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மாவுபோல் தெரிந்தது உண்மையில் பின்னிக்கிடக்கும் மெல்லிய ரோமங்கள் என்று புரியும். முற்றிய இலையில் இது தேய்ந்து போயிருக்கும், சாலையோரச் செடியில் தூசியும் இதேபோல் ஏமாற்றும். அதனால் எப்போதும் குருத்திலையின் அடிப்பக்கத்தையே பாருங்கள். தூசி இலையின் மேல்பக்கம்தான் படியும்.

இலையைத் திருப்பும்போதே பூச்சிகளையும் கவனியுங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களும் மூன்று ஜோடிக் கரிய இழைகளும் கொண்ட புழு இருந்தால் மகிழ்ச்சியடையலாம். ஆரஞ்சு நிற வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அது, எருக்கும் அதன் உறவுச் செடிகளும்தான் அதன் உணவு. குருத்தில் மஞ்சள் அசுவினி மொய்த்திருந்தாலும் நல்ல அறிகுறி. புழு உள்ள கிளையைப் பறிக்காதீர்கள், நமக்கு வேறு கிளைகள் இருக்கின்றன.

6. பால் சோதனை

கண்ணாடி போட்டீர்களா? கையுறை? சரி. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, இடுப்புக்குக் கீழே உள்ள ஒரு முற்றிய இலையின் நுனியை மட்டும் கத்தரியுங்கள். கெட்டியான வெள்ளைப் பால் உடனே துளித்துளியாக வழிய வேண்டும். தண்ணீராகவோ மஞ்சளாகவோ கசிந்தால் அது வேறு செடி.

பால் மட்டும் வந்தால் போதாது. கித்தா (ரப்பர்) மரம், மஞ்சள் அரளி, பலா, ஏழிலைப்பாலை எல்லாவற்றிலும் பால் வரும்.

இனி கண்ணைப் பற்றி. எருக்கம்பால் கண்ணில் பட்டால் வலி பெரிதாகத் தெரியாமலே சில மணி நேரத்தில் பார்வை மங்கக்கூடும். கருவிழி வீங்கிவிடும். வலிக்கவில்லையே என்று தூங்கப் போய்விடுவதுதான் ஆபத்து. பட்ட உடனே சுத்தமான தண்ணீரை இமையைத் திறந்து பிடித்து குறைந்தது 15 நிமிடம் ஊற்றிக் கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்து விடுவது எதுவும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், எந்தச் செடியின் பால் என்று சொல்லுங்கள், கைப்பேசியில் உள்ள படத்தையும் காட்டுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான், ஆனால் மாலைக்குமேல் பல கிளினிக்குகள் மூடிவிடும். அப்போது நேராக ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாயில் போட்டுவிட்டால் இன்னும் அவசரம், இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு அதில் இருக்கிறது.

குழந்தைகள் எருக்க மொட்டை நசுக்கி 'டப்' என்று வெடிக்க வைப்பார்கள். பால் தெறிக்கும் விளையாட்டு அது. பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

7. பூவும் காயும்

பூ இருந்தால் முடிவு சுலபம். கொத்தாக, கிளை நுனிப் பக்கம் வரும். விரிந்த பூ இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் அகலம், மெழுகில் செய்தது போன்ற தடிப்பு. ஐந்து கூரிய இதழ்களுக்கு நடுவே ஐந்து மேடுகள் கொண்ட கிரீடம் எழுந்து நிற்கும், அதன் உச்சியில் ஐங்கோணத் தட்டு ஒன்று. அந்த ஐங்கோணத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. பெரிய கருவண்டு மாதிரி தெரியும் தச்சுத்தேனீ வந்து போகிறதா என்றும் பாருங்கள்.

காய் பச்சையாக, ஊதிப் பெருத்து, வளைந்திருக்கும். அமுக்கினால் உள்ளே காற்றுத்தான். முற்றி வெடித்தால் பழுப்பு விதைகள் வெள்ளைப் பட்டு இழையோடு பறக்கும்.

8. ஏமாற்றும் செடிகள்

செண்டுடுக் என்ற செடி நம் பக்கம் எங்கும் உண்டு. ஊதாப் பூவைப் பார்த்துப் பலர் ஏமாறுவது இதில்தான். இலையில் அடியிலிருந்து நுனிவரை மூன்று, ஐந்து நரம்புகள் நீளவாக்கில் ஓடும், தொட்டால் சொரசொரப்பு, பால் இல்லை. மெங்குடு, அதாவது நுணா, இலை எதிரெதிராகவும் பெரிதாகவும் இருக்கும், ஆனால் பளபளக்கும் பச்சை, வெள்ளைப் பூச்சோ பாலோ கிடையாது. சுண்டைக்காய்ச் செடியில் ரோமம் உண்டு, ஆனால் முள்ளும் இருக்கும், இலை விளிம்பு வெட்டுப்பட்டிருக்கும்.

உறவுச் செடி ஒன்று இருக்கிறது, அதுதான் கொஞ்சம் குழப்பும். சிவப்பும் மஞ்சளும் கலந்த சிறு பூக்களோடு முழங்கால், இடுப்பு உயரத்தில் நிற்கும் அஸ்கிலேப்பியாஸ். பால் வரும், இலையும் எதிரெதிர், அதே பட்டாம்பூச்சிப் புழுவும் இருக்கும். இலை ஒடுக்கமாக, நுனி கூர்ந்திருப்பதை வைத்துப் பிரித்துவிடலாம்.

9. செயலியும் ஆய்வகமும்

ஐநேச்சுரலிஸ்ட், கூகுள் லென்ஸ் இரண்டும் இலவசம். ஆனால் ஒரு படம் மட்டும் கொடுத்தால் தப்பாகச் சொல்ல வாய்ப்பு அதிகம். முழுச்செடி, கணுவில் இலை அணைத்திருக்கும் இடம், குருத்திலையின் அடிப்பக்கம், பூ நேரெதிராக, பூ பக்கவாட்டில் என்று ஐந்து படங்கள் எடுங்கள். செயலி புரோசெரா என்று சொன்னால் முதல் பகுதியில் சொன்னபடி இதழைப் பாருங்கள். ஐநேச்சுரலிஸ்டில் பதிவேற்றினால் வேறு ஆர்வலர்களும் பார்த்து உறுதி செய்வார்கள், அதற்குச் சில நாள் ஆகலாம்.

எழுத்துப்பூர்வமாக உறுதி வேண்டும் என்றால் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்தில் உலர்தாவரக் காப்பகம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்போல ஆகும். முதலில் தொடர்புகொண்டு, மாதிரியைப் பெற்றுக்கொள்வார்களா, கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளாகும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பூவோடு ஒரு கிளை போதும். வெட்டுவாயில் பால் நின்று காய்ந்த பிறகு நாளிதழுக்கு இடையில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். இலை தடிப்பு என்பதால் தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். எடுத்த இடம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம், பால் இருந்ததா என்பதைத் தாளில் எழுதி உடன் வையுங்கள். காய்ந்த பிறகு நிறம் மாறிவிடுவதால் இந்தக் குறிப்பு இல்லாத மாதிரி அரைகுறைதான்.

10. பறிக்கும்போது

எருக்கம்பூ சீக்கிரம் வாடாது. திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் பறித்தால் போதும். ஒரே செடியை மொட்டையடிக்காமல் செடிக்கு ஒன்றிரண்டு கொத்து எடுங்கள். பறித்ததும் கொத்தின் காம்பைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பால் வடிய விடுங்கள். வீட்டில் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திய பிறகு தொடுக்கக் கொடுங்கள். தொடுப்பவர்கள் முடிக்கும்வரை கண்ணைக் கசக்கக் கூடாது, முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

தை மாதத்தில் ரத சப்தமிக்கு எருக்கிலையைத் தலையில் வைத்துக் குளிக்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் முக்கியம். பச்சையாகக் கிள்ளிய இலையிலிருந்து வழியும் பால் தண்ணீரோடு நெற்றி வழியாக இறங்கி நேராகக் கண்ணுக்குத்தான் வரும். இலைகளை முதல் நாளே பறித்து, வெட்டுவாய் காய்ந்து பால் நின்றதை உறுதி செய்து, கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். சிறு பிள்ளைகளுக்கு இலையைத் தோளில் மட்டும் வைத்தால் போதும் என்பது என் கருத்து.

கோயிலிலேயே ஒரு செடி நட்டுவிடலாம் என்று தோன்றினால் தமிழ்நாட்டிலிருந்து விதையோ குச்சியோ பையில் போட்டுக் கொண்டு வராதீர்கள். செடி, விதை, மண் எதற்கும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வேண்டும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் கேட்பார்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்தில் அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள், 2011ஆம் ஆண்டின் மக்கிஸ் (தனிமைப்படுத்தல், ஆய்வுச் சேவை) சட்டப்படி வழக்கும் வரலாம். இங்கேயே அடையாளம் கண்ட செடியிலிருந்து ஒரு முற்றிய குச்சியை வெட்டி, பால் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் வெயில்படும் இடத்தில் ஊன்றினால் போதும். குழந்தைகள் விளையாடும் பக்கமாக மட்டும் நடாதீர்கள், செடி பக்கத்தில் "பால் நஞ்சு, தொடாதீர்கள்" என்று தமிழிலும் மலாயிலும் ஒரு பலகை வைத்துவிடுங்கள்.